பச்சை மூடியா, ஆரஞ்சு மூடியா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே வெயிலுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை, நாங்கள் ஏதோ இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு சென்ட் பாட்டிலும் உடையாமல் வந்து சேர்ந்தன. வெயிலுக்கு எது நன்றாக இருக்கிறதென்று சொன்னால் அதையே பெரிய பாட்டிலாக அனுப்புகிறேன் என்றாய். முதலில் ஆரஞ்சு மூடி போட்டதைப் பூசிக்கொண்டு மருந்து வாங்கப் போனேன். அப்போதுதான் பழத்தைத் தோல் உரித்த மாதிரி நல்ல வாசனை, மாடிவீட்டு டீச்சர்கூட படியிலேயே நிறுத்தி, "என்னக்கா, பொண்ணு பார்க்க வர்றாங்களா" என்று கேலி பண்ணினாள். பச்சை மூடி எலுமிச்சை. நீ காலேஜ் போகும்போது அறை முழுக்க அடித்துத் தீர்ப்பாயே, கொசுமருந்தா அடிக்கிறே என்று அப்பா திட்டுவாரே, அதே வாசனை. ஞாயிற்றுக்கிழமை அதைப் பூசிக்கொண்டு அப்பா படுத்திருக்கும் அறைக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன்.

நீ அங்கே உட்கார்ந்து அழுவாய் என்று போனில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு மறதி ரொம்ப முற்றிவிட்டது. கொஞ்ச நாளாக என்னை யாரென்றே தெரியவில்லை. "யாரும்மா நீங்க, வீட்டுல ஆள் இல்ல, அப்புறம் வாங்க" என்பார். தட்டை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்வார். அன்றைக்குக் கிட்டே போனதும் அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "பாப்பா, எப்பம்மா வந்தே" என்றார். பாப்பா இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவரே ஆவென்று வாயைத் திறந்தார். அப்படியே ஊட்டினேன். எல்லாம் சாப்பிட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்கம்மாவ எங்க காணோம், எம்மேல கோவமா" என்று கேட்டார். கடைக்குப் போயிருக்காங்கப்பா, வந்துருவாங்க என்றேன். கட்டின புருஷனை அப்பா என்று கூப்பிட்டேனடி. அப்புறம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தேன்.

என்னைத் தெரியாதா என்ற நப்பாசையில் மறுநாள் ஆரஞ்சைப் பூசிக்கொண்டு போனேன். அப்புறம் வாங்க என்றார். எனக்குப் பிடித்தது ஆரஞ்சுதான், ஆனாலும் நீ பச்சை மூடியையே அனுப்பு. தினமும் அதைப் பூசிக்கொள்வதால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், கன்னத்தில் கொஞ்சம் சதைகூட போட்டிருக்கிறது. அம்மா எப்ப வருவா என்ற கேள்விக்குத்தான் தினமும் ஒரு பொய் தேட வேண்டியிருக்கிறது.

நீ தண்ணீர் நிறையக் குடி. இதையெல்லாம் மனசுக்குள் வைத்துக் குமையாமல் மாப்பிள்ளையிடம் சொல்லு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். பாட்டிலை மறக்காமல் துணியில் சுற்றி அனுப்பு. லீவு கிடைத்ததும் எலுமிச்சையே பூசிக்கொண்டு வா. நீ இருக்கும் நாளெல்லாம் நான் எதுவும் பூசமாட்டேன், வாசல் பக்கம் யாரோ மாதிரி நின்றுகொள்கிறேன். அப்போது என் கையைப் பிடித்து அவரிடம் கூட்டிப்போய், "அம்மா கடையிலேருந்து வந்துட்டாங்கப்பா" என்று ஒருதடவை சொல்லு. நீ சொன்னால் அவர் நம்புவார்.

இப்படிக்கு,
உன் அம்மா