முள்ளெலி புகுந்த குவியல்

அக்டோபர் 27

இன்று சொல்லாமல் விட்டது: தீக்குவியலுக்குள் ஒரு முள்ளெலி இருக்கிறது.

ஊர்க் காட்டைப் பராமரிக்கும் எங்கள் குழுவின் கூட்ட முடிவில், "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று இறைச்சிக்கடை நெஸ்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாயைத் திறந்தேன். "கேக் ரொம்ப நல்லாயிருக்கு" என்றேன். வீடு வந்த பிறகும் அந்த வாக்கியம்தான் காதில்.

நேற்று பொழுது சாயும்போது பார்த்தேன். பீச் மரத்தடியிலிருந்து செம்பு நிற இலைகளை வாய் நிறையக் கவ்விக்கொண்டு, இரு பக்கமும் அவை மீசைபோல் நீட்டியிருக்க, குவியலின் அடியில் நுழைந்தது. திரும்பி வந்தது. மறுபடி இலை. குளிர்காலத் தூக்கத்துக்குப் படுக்கை போடுகிறது. நவம்பரில் ஊர் மூட்டும் பெருந்தீ வரும் சனிக்கிழமை. விறகடுக்கும் பொறுப்பிலுள்ள மோஸ்டின் தீ வைக்கப்போவது அந்தக் குவியலுக்குத்தான்.

இப்படி ஏதாவது புகுந்துவிடும் என்பதால், தீ மூட்டும் நாளன்றுதான் அடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காட்டை அடைத்து வளர்கிறதென்று இந்த வருடம் வெட்டித் தள்ளிய ரோடோடென்ட்ரான் புதர் அவ்வளவு. மோஸ்டின் மாதத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டார். ஊர் மன்றத்துக் கதவைவிட உயரம் இப்போது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரின் தீயை இந்த முறை தோற்கடிப்பதாக, தினம் ஒருவரை இழுத்துப்போய்க் காட்டுகிறார். அவரிடம் போய் எப்படி—

அக்டோபர் 28

மழை. இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 29

வேலை முடிந்து காட்டுக்குப் போனேன். தானே வேறிடம் போயிருக்கும் என்று ஒரு நப்பாசை. ஜே பறவைகள் ஓக் கொட்டைகளைப் புதைத்துக்கொண்டிருந்தன. அவை மறந்துபோகும் கொட்டைகளே காடாகின்றன என்று எங்கோ படித்திருக்கிறேன். எவ்வளவு படித்து என்ன? வாய் திறக்க ஒன்றும் உதவுவதில்லை.

குவியலின் மேல் தார்ப்பாய் போர்த்த மோஸ்டின் வந்தார். "என்ன கெரிஸ், என் மலையத் திருட வந்தியா?"

சொல்லிவிட்டேன்.

"பூனையா இருக்கும்."

"பூனை இலையக் கவ்வுமா மோஸ்டின்?"

தார்ப்பாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். "கூட்டத்துல கேக்கப் பத்திப் பேசினியே, அப்ப எங்க போச்சு இந்த வாயி?"

"அத்தனை பேர் முன்னாடி எனக்கு வராது."

"சரி போ. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது என்றால்? கேட்கத் தைரியம் இல்லை.

நவம்பர் 2

காலையில் எல்லோரும் கூடியதும் மோஸ்டின் தொண்டையைச் செருமினார். "உள்ள முள்ளெலி இருக்கு. நான் பாத்தேன். மொத்தத்தையும் பிரிச்சு வேற எடத்துல அடுக்கணும்." என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாசம் பூரா மூச்சப் புடிச்சு அடுக்கும்போது தெரியலயா? கண்ணாடி வாங்கிப் போடுங்க" என்றாள் நெஸ்டா.

"கண்ணாடி போட்டா உன் கடை சாசேஜ் எத்தன சின்னதுன்னு தெரிஞ்சிடும். அதான் வாங்கல."

கிளை கிளையாகப் பிரித்தோம். முனகல், சிராய்ப்பு, பிளாஸ்கில் தேநீர். நண்பகல் தாண்டியும் ஒன்றும் அகப்படவில்லை. என்னைவிட அவருக்கல்லவா அவமானம்! அடிவரிசை தெரியத் தொடங்கியபோது மோஸ்டின் கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். முட்டைக்கோஸ் அளவுக்கு இறுகச் சுற்றிய இலைப்பந்து. மெல்ல ஏறி இறங்கியது.

"கொறட்ட விடுதா?" நெஸ்டாவின் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

அடிவரிசையைத் தொடாமல், மேலே சில கிளைகளை மட்டும் திரும்பப் போர்த்தினோம்.

பிரித்து வேறிடத்தில் அடுக்கிய விறகு தூறலில் நனைந்துவிட்டது. மாலையில் தீ இருமி இருமித்தான் பிடித்தது. இடுப்பளவு. மலைக்கு அந்தப் பக்கம் வானமே சிவந்திருந்தது. "அவனுங்க தீயில சூடே கெடையாது" என்றார் மோஸ்டின். எல்லோரும் அவரை முள்ளெலி மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்தது நான்தான் என்று சொல்ல நெஸ்டாவிடம் நகர்ந்தேன். மோஸ்டின் வேண்டாமென்று தலையை லேசாக ஆட்டி, என் கையில் சாசேஜைத் திணித்தார். "தின்னு. ஆறிடும்."

தின்றேன்.

நவம்பர் 3

முடியெல்லாம் புகை வாசம். அலச மனமில்லை.

ஏப்ரல் 6

இலைப்பந்து ஒரு பக்கம் பிரிந்து கிடக்கிறது. உள்ளே யாரும் இல்லை. பக்கத்துப் பாசியின் மேல் முள்ளெலி போட்ட புதிய எச்சம். அதில் வண்டுச் சிறகுத் துண்டுகள் மின்னின.