கட்டாத நுனி

அன்பு மகன் எய்வினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதை நலம் என்று சொன்னால் நலம்தான். நீ அங்கே சிலியில் உன் மீன் பண்ணையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நானும் அவரும் வலை இழுக்கப் போனோம். படகு எஞ்சினின் டீசல் பில்டரை மாற்றுங்கள் என்று கிறிஸ்துமஸிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஓடும் என்பதே அவர் பதில். பாறைத் திட்டுக்கு வெளியே, மேற்குக் காற்று எழும் நேரம் பார்த்து, எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. காற்று எங்களைப் பாறைப் பக்கம் தள்ளியது. அப்பா பதறவில்லை, முன்பக்கம் போய் நங்கூரத்தைப் போட்டார். அங்கே ஆழம் அதிகம், கயிறு முழுவதும் வேண்டும் என்று விட்டார். ஓடியது, ஓடியது, கடைசியில் படகோடு கட்டியிருக்க வேண்டிய நுனியும் வாலை ஆட்டிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கடவுளைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"பையன்கிட்ட சொல்லாத, குன்வோர்," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோடை விடுமுறையில் வந்தபோது கயிற்று அறையைக் காலி செய்து சாம்பல் பெயிண்ட் அடித்தாயே, அப்போது அங்கே உள்ள இரும்பு வளையத்திலிருந்து, அதற்கும் பெயிண்ட் அடிக்க, நீ அவிழ்த்த நுனி அது. கயிற்றை அழகாகச் சுருட்டி வைத்தாய், கட்ட மட்டும் மறந்துவிட்டாய். அதன் பிறகு நங்கூரம் போடும் வேலையே வரவில்லை. நீ பெயிண்ட் அடித்த பெருமையை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என்னைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு, வலைக்குப் போடும் சின்ன நங்கூரங்கள் இரண்டை, படகைக் கரையில் கட்டும் கயிற்றில் முடிந்து நான்தான் வீசினேன். முதல் வீச்சில் பிடிக்கவில்லை, அடுத்ததில் பிடித்தது. அப்பா கீழே பில்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஹால்வார் தன் படகோடு வந்து எங்களை இழுத்துப் போனபோது, சுக்கானுக்கும் பாறைக்கும் நடுவே நம் சமையலறை மேசையைப் போடலாம், அவ்வளவு இடம்தான் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. காப்பி குடிக்கிற இடத்தில் ஹால்வார், "மீனைப் பிடிச்சியா, இல்ல மீனுக்கு நங்கூரத்தைக் கொடுத்துட்டு வந்தியா?" என்று கேட்க, "கயித்தைக் காயவைக்க நான்தான் அவிழ்த்தேன், கட்ட மறந்துட்டேன்," என்கிறார் உன் அப்பா. வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்த மனிதர். எல்லாரும் சிரிக்கிறார்கள், கூடவே அவரும் சிரிக்கிறார். பில்டர் அவர் தப்பு, முடிச்சு உன் தப்பு, நனைந்துபோய் நின்றவள் மட்டும் நான். யாரிடம் போய்க் கத்துவது? வீட்டில் கத்தினால், சினையோடு வேகவைத்த காட் மீனில் இன்னொரு துண்டை என் தட்டில் வைக்கிறார்.

புது நங்கூரம் வந்துவிட்டது, பில்டரும் மாற்றியாகிவிட்டது. நுனியை நானே கட்டினேன். கட்டப் போனபோதுதான் வளையத்தை மறுபடி பார்த்தேன். மூழ்க இருந்த நாளன்று அதில் உன் சாம்பல் பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. நீ பெயிண்ட் அடித்த பிறகு யாராவது கட்டியிருந்தால், முடிச்சு உரசித் தேய்ந்திருக்குமே. இப்போது வெறும் இரும்பாக இருக்கிறது. அவர் கத்தியால் சுரண்டியிருக்கிறார், அடியில் சாம்பல் நிறத் தூள் கிடந்தது. நீ அடுத்த முறை வரும்போது அந்தப் பளபளப்பைப் பார்த்து, மறந்தது நீதான் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். மன்னிப்புக் கேட்டுத் தொலைக்காதே, நான் எழுதியது தெரிந்துவிடும். எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கேள், அவர் சொல்லி முடிக்கும்வரை வைக்காதே. இங்கே குளிர் விடுகிறது, அங்கே தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டை போட்டுக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும். எதை அவிழ்த்தாலும் திருப்பிக் கட்டு.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
அம்மா குன்வோர்