உன் பக்கத்தில் கண் விழித்த பன்றி

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பன்றியின் நலத்தை நான் விசாரிக்க மாட்டேன், அதற்குத்தான் நீ இருக்கிறாயே.

ஆய்வுக்கூடத்தில் பன்றியோடு எடுத்து நீ அனுப்பிய படத்தை எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். லென்ஸ் தேய்க்கிறவர் பார்த்துவிட்டு, பொண்ணு என்ன பாசமா தடவிக் குடுக்குது பாருங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. காதில் எண் மாட்டிய ஒரு பன்றிக்கு இதயத்தில் இரத்தத்தை நிறுத்தி, மறுபடி திறந்துவிட்டு, அது கண் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயாம். எனக்கும் அதே அடைப்புதான், எனக்கும் திறந்துதான் விட்டார்கள். நான் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தவர் உன் அப்பா, அவரும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பன்றியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அப்பாவிடம் சொன்னால், பொறாமைப்பட உனக்கு வேற ஆளே கெடைக்கலையா என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, நீ போன் செய்தால் ஊர்க்கதை எல்லாம் அவரிடம்தான். என்னிடம் மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய்.

அடுத்த மாதம் எனக்கு இரண்டாவது அடைப்பையும் எடுக்கப்போகிறார்கள். அந்த வாரம் பரிசோதனை இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்கிறாய். உன் வேலை எனக்குப் புரியாமல் இல்லை. நின்ற இரத்தம் திரும்பி வரும்போதும் இதயம் கெட்டுப்போகும், அப்போது ஒரு நொதி செல்களுக்குச் செத்துப்போ என்று சேதி அனுப்பும், அதன் வாயைக் கட்டத்தான் உன் மருந்து என்று நீ சொன்னதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா. நீ வராத நாட்களை நான் எப்படியோ ஓட்டிவிடுகிறேன். திடீரென்று வந்து வீட்டை நிறைத்துவிட்டு, நாலே நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாயே, அதற்குப் பிறகு வரும் வாரத்தைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. அதற்கும் ஒரு மருந்து இருந்தால் பார்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். உன் மருந்து பலிக்கட்டும், நீ நன்றாக இரு. அந்தப் பன்றியும் பிழைத்துக்கொள்ளட்டும், பாவம், அதன் மேல் என்ன தப்பு. எனக்குத் தேதி பதினெட்டு, மறந்துவிடாதே. வந்தால் நான் கண் விழித்த பிறகும் கொஞ்ச நாள் இரு.

இப்படிக்கு,
காதில் எண் இல்லாத
உன் அம்மா