பதிமுகத் தண்ணீரில் கலந்த பச்சைத் தண்ணீர்

அனுப்புநர்:
பெ. சிவதாணு,
நாட்டு மருந்துச் சரக்கு மொத்த வியாபாரி,
ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
திருவனந்தபுரம்.

பொருள்: நகரிலுள்ள ஒரு ஹோட்டலின் குளிரூட்டப்பட்ட உணவகத்தில், காய்ச்சாத தொட்டி நீரில் பதிமுகச் சாறு கலந்து காய்ச்சிய குடிநீர் என்று பரிமாறியது, தரமற்ற உணவும் அலட்சியமான உபசரிப்பும், நோய் பரவும் அச்சம், உடனே ஆய்வு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இதுவரை எந்த அலுவலகத்துக்கும் புகார் எழுதியதில்லை. சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு கடைக்குப் போகிறவன். என் வீரம் அவ்வளவுதான். இப்போது எழுத வைத்தது பயம். அதை மறைத்து எழுதும் சாமர்த்தியம் எனக்கு இல்லாததால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோட்டலின் பெயரையும் விலாசத்தையும் இத்துடன் ஒட்டிய உறைக்குள் வைத்திருக்கிறேன். மனு பல கைகளைத் தாண்டித்தான் தங்கள் மேசைக்கு வரும் என்பதால் இப்படிச் செய்தேன். தங்கள் அலுவலகத்தின் மீது சந்தேகம் என்று கருத வேண்டாம்.

1. என் ஒரே மகள் நாச்சியாரைத் திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். தை மாதம் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. முறைப்படி தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சம்பந்தி குற்றாலலிங்கம், அவர் மனைவி முத்தாரம்மாள், மருமகன் செல்வகணேஷ் மூவரும் அவளைக் கொண்டுவிட எங்களுடனேயே ரயிலில் வந்தார்கள். அன்று 19.01.2025, ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி ரத்னாபாய் வீட்டில் சமைப்பதாகத்தான் இருந்தாள். சம்பந்தி வீட்டார் முதன்முதலாக வருகிறார்கள், ஏசி ஹாலில் உட்காரவைத்துச் சத்யை விருந்து போட்டால்தான் நமக்குக் கௌரவம் என்று அவள் வாயை அடைத்தவன் நான். ஐந்து பேருக்குமாக மேசையை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். நான் ஆறாவது ஆள் என்பதை அந்த ஜம்பத்தில் மறந்துவிட்டேன்.

2. சொல்லி வைத்த மேசை அங்கே இல்லை. வாசலுக்கும் கல்லாவுக்கும் நடுவில் நின்றோம். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு நாற்காலியாவது போடுங்கள் என்று என் மனைவி இரண்டு முறை கேட்டாள். இதோ காலியாகும் என்று சிரித்துவிட்டுப் போனார்கள். உட்கார இடம் கிடைத்தபோது இலையில் மண் ஒட்டியிருந்தது, நாங்களே துடைத்துக்கொண்டோம். சோறு விறைத்திருந்தது. சாம்பார் முந்தின நாளைய சங்கதி என்று மணத்திலேயே தெரிந்தது. அவியலில் தயிர் சேர்ப்பது உண்டுதான், ஆனால் அது தயிரின் புளிப்பு அல்ல. பாயசம் தீர்ந்துவிட்டது என்று எங்களிடம் சொன்ன அதே ஆள், பக்கத்து மேசைக்குப் பாயசம் ஊற்றினார். பெண் கொடுத்தவர்கள் போடும் விருந்தில் இலையில் மிச்சம் வைப்பது மரியாதை ஆகாது என்று நினைக்கிற மனிதர் சம்பந்தி. அந்த அவியலையும் வழித்துச் சாப்பிட்டார். மேலாளரிடம் முறையிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அல்லவா என்றார். இந்த அளவோடு நின்றிருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

3. இனித்தான் உண்மையான புகார். நம் ஊர் ஹோட்டல்களில் பதிமுக மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய சிவந்த நீரை இளஞ்சூடாகக் கொடுப்பது வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு அது பழக்கமில்லை. முத்தாரம்மாள் தம்ளரைப் பார்த்ததும் ஓரமாக நகர்த்திவிட்டார். “இது என்ன அண்ணாச்சி, குழாய்த் துரு எறங்கின தண்ணி மாதிரில்லா இருக்கு, நாம பாட்டில் வாங்கிக்கிடுவோமே” என்றார். என் மகளும் மாமியாரைப் பார்த்துத் தம்ளரைத் தொடாமல் இருந்தாள்.

நான் சிரித்தேன் ஐயா. அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் உடம்பைக் கூச வைக்கிறது. நான் பதிமுகம் விற்கிறவன். நகரத்தில் பல ஹோட்டல்களுக்கு என் கடையிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகிறது, இந்த ஹோட்டலுக்கும் போகிறது. “தைரியமாக் குடிங்க மைனி, காய்ச்சின வெள்ளமாக்கும். நம்ம கடைச் சரக்குதான் இதுல கெடக்கு” என்று சொன்னேன். மகளைப் பார்த்து, நீயும் குடி, வெயிலில் வந்திருக்கிறாய் என்றேன். அவள் இரண்டு தம்ளர் குடித்தாள். சம்பந்தி அதற்கு மேலும் குடித்தார். முத்தாரம்மாள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்து வைத்தார். மருமகன் மட்டும் சோடா வாங்கிக்கொண்டார்.

சிவந்திருந்தால் காய்ச்சியிருக்கும் என்பது இந்த ஊரில் வாழ்கிற எங்களுக்கு ஊறிப்போன நம்பிக்கை. பச்சைத் தண்ணீரிலும் அந்தச் சாறு கலந்தால் நிறம் அப்படியேதான் நிற்கும் என்பது வியாபாரியான எனக்குத் தெரியும். தெரிந்ததை நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. ஜாடியைத் தொட்டபோது சூடு இல்லை. ஏசியில் ஆறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அசலூர்க்காரர்கள் அவர்கள் போக்கில் விடப்பட்டிருந்தால் பாட்டில் தண்ணீர் வாங்கித் தப்பியிருப்பார்கள்.

4. சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். கை கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவர் ஜாடிகளை வரிசையாக வைத்துக் குழாயைத் திறந்து நிரப்பினார். நிரம்பியதும் ஒரு பாத்திரத்திலிருந்து கடுஞ்சிவப்பான சாற்றைக் கரண்டியால் மொண்டு ஒவ்வொன்றிலும் ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட வேறோர் ஊழியர், என் பேச்சை மேசையில் கேட்டிருந்தவர், அருகில் வந்து தாழ்ந்த குரலில், “அண்ணாச்சி, உங்க ஆளுவள இதக் குடிக்க விடாதிய. கொஞ்சம் காய்ச்சி நெறம் எடுத்துட்டு, பாக்கி பூரா டாங்கி வெள்ளந்தான் ஊத்துவாவ” என்றார். அவர் நம் தென்கோடித் தமிழ்நாட்டிலிருந்து வயிற்றுப்பாட்டுக்காக இங்கே வந்திருப்பவர். அவர் பெயரை உறைக்குள்ளும் எழுதவில்லை. அவர் ஆணா பெண்ணா என்பதையும் தாங்கள் கேட்கக்கூடாது என்று வேண்டுகிறேன். எனக்கு உதவிய வாய் வேலை இழக்குமோ என்பது என் பயங்களில் ஒன்று.

5. நான் மேசைக்குத் திரும்பினேன். குடித்தவர்கள் குடித்து முடித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. குடித்தது குடித்தாயிற்று, இத்தனை பேர் தினமும் குடிக்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

6. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் செல்வகணேஷ் கடைக்குப் போன் செய்தார். அவர் அப்பாவுக்குக் காய்ச்சல், வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை, இப்போது கண் மஞ்சளாகிவிட்டது, மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். வெளியில் எங்காவது தண்ணீர் குடித்தீர்களா என்று டாக்டர் கேட்டாராம். “நாச்சியார்ட்ட சொல்லாதீங்க மாமா, வைரல் காய்ச்சல்னு சொல்லிருக்கேன், அவ பயந்துருவா” என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தத் தண்ணீரைப் பற்றி நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வேறு எங்காவது குடித்ததாலும் வந்திருக்கலாமே என்று ஹோட்டல்காரர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதனால்தான் தண்டனை கேட்கவில்லை, சோதனை கேட்கிறேன்.

7. எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம், வேறு யாருக்கோ கேட்பது போல விசாரித்தேன். குடித்துப் பல வாரம் கழித்தும் இந்த நோய் தலைகாட்டலாம் என்றார். கர்ப்பிணி என்றால் விளையாட்டுக் காரியம் இல்லை, சில வகைக் காமாலை தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பிடிக்கும், அந்தப் பெண்ணை உடனே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள், பயந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். உண்மையில் சோதனையின் முடிவைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

அன்றிலிருந்து என் காலைப்பொழுது இப்படித்தான் விடிகிறது: அவள் பல் தேய்க்கப் போகும்போது ஏதோ ஒரு சாக்கில் நானும் முன்னால் போய் நின்று, வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்க்கிறேன். சமையலுக்கு மஞ்சள் எடுத்த கறை அவள் விரலில் இருந்தாலும் கழுவி வரச் சொல்லி மறுபடி பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டு அவள் வேண்டாம் என்றால் எனக்கு இறங்குவதில்லை. அப்பாவுக்குப் பேரப்பிள்ளை ஆசை முற்றிவிட்டது என்று அவள் அம்மாவிடம் கேலி செய்கிறாள். என் மனைவி சிரிக்காமல் உள்ளே போய்விடுகிறாள்.

8. இதற்கிடையில் மேலாளருக்குப் போன் செய்து, பரிமாறும் நீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறீர்களா என்று தன்மையாகக் கேட்டேன். அது நான் செய்த இன்னொரு மடத்தனம். மறுநாள் அவரே கடைக்கு வந்தார். மலையாளத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார். சேட்டனின் மரச்சீவல்தானே நாங்கள் போடுகிறோம், தண்ணீரைச் சோதித்தால் சரக்கையும் சோதிக்க வேண்டிவரும், சாயம் ஏற்றிய மரத்தைக் கொடுத்தார் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் ஆரியசாலையில் கடை நடத்துவது சிரமமாகுமே என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த டீயை நான் குடிக்கவில்லை. மகளை நினைத்துப் பயந்த நேரம் போக மீதி நேரத்தில் கடையை நினைத்தும் பயந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

9. ஆகவே தங்களிடம் பணிந்து கேட்பவை: முன்னறிவிப்பு இல்லாமல், மதிய உணவு நேரத்தில், அந்த ஹாலின் ஜாடி நீரையும் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே சமயத்தில் சோதிக்க வேண்டும். சமையலறையில் காய்ச்சும் பாத்திரத்தின் கொள்ளளவையும் மேசைகளுக்குப் போகும் நீரின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மற்றது தானே விளங்கும். என் கடைச் சரக்கையும் எடுத்துச் சோதிக்கலாம், எந்த மூட்டையைச் சுட்டினாலும் நானே அவிழ்த்துத் தருகிறேன். அதில் குற்றம் இருந்தால் என்மீதும் நடவடிக்கை எடுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களை முதலாளிகள் முன்னிலையில் விசாரிக்க வேண்டாம்.

10. மேலே உள்ளவற்றை எழுதி முடித்தது சனிக்கிழமை. மலையாளப் பிரதி ஒன்றும் இணைத்தால் தங்களுக்கு வசதி என்று தோன்றியது. எனக்கு மலையாளம் பேச்சில் ஓடும், எழுத்தில் நொண்டும். கடைக்கு வேண்டிய மலையாளக் கடிதங்களை எல்லாம் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நாச்சியார்தான் எழுதித் தருகிறாள். வெளியாளிடம் கொடுத்தால் விஷயம் வெளியே போகும். ஒரு பகல் முழுக்க மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். படித்த இடத்தையே மறுபடியும் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. “அப்பா, மாமாவுக்கு வந்துட்டுன்னு தெரிஞ்ச அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கணும்லா” என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்க முடிந்திருக்கும். பிறகு திருநெல்வேலிக்குப் போன் போட்டுத் தன் கணவரிடமும் மாமியாரிடமும் தண்ணீர் விஷயத்தை அவளே சொன்னாள், முத்தாரம்மாளையும் ரத்தம் சோதிக்கச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், போனை வாங்கிப் பேச வேண்டியவன் நான்தான் என்று தெரிந்தும் கை நீளவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. இதன் மலையாளப் பிரதியை அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதினாள். தன் பெயரிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள், கீழே சேர்த்திருக்கிறேன். ஐயா அவர்கள் எனக்காக இல்லாவிட்டாலும் அந்த வரிக்காகவாவது இன்றோ நாளையோ அங்கே நேரில் போகும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 24.02.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) பெ. சிவதாணு

இணைப்பு: மனுவின் மலையாளப் பிரதி, ஹோட்டலின் பெயரும் விலாசமும் அடங்கிய உறை, உணவுக் கட்டண ரசீது.

சேர்த்து எழுதியது: நான் அந்தத் தண்ணீரைக் குடித்தவள். எட்டு மாதக் கர்ப்பிணி. சோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறேன். இதை எழுதும்போது அந்த ஹாலில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்.
(ஒப்பம்) நாச்சியார் செல்வகணேஷ்