அம்மா கேட்ட காப்பி கேக்

மார்ச் 12, வியாழன்

காலையிலேயே வெயில். பென்னாகரம் பேருந்து நிலையம் வரை நடந்ததற்கே சட்டை நனைந்துவிட்டது.

அம்மா இன்றும் இரண்டு வாய் கஞ்சி. மீதி வாசல் நாய்க்கு. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு நாக்கில் ருசி இல்லை. எதைத் தின்றாலும் இரும்பு என்கிறாள். சேலம் டாக்டர் சொன்னது: சாப்பிட்டு உடம்பு தேறினால்தான் அடுத்த கீமோ. திங்கள் போக வேண்டும்.

மதியம், சுவரைப் பார்த்தபடி: "நீ பெங்களூர்ல படிக்கறப்ப வாங்கிக் குடுத்தியே, முந்திரி போட்ட காப்பி கேக்கு. அது கெடைக்குமாடா?"

நான் ஊருக்கு வந்த பன்னிரண்டு நாளில் அவளாகக் கேட்டது இது ஒன்றுதான்.

மூன்று பேக்கரி. இல்லை. கடைக்காரர் ஒருவர்: "காப்பின்னா டீக்கடைக்குப் போங்க."

மார்ச் 13, வெள்ளி

வாங்கியவை: மைதா, முட்டை 6, வெண்ணெய், பேக்கிங் பவுடர், முந்திரி, காப்பித்தூள் (சிக்கரி இல்லாதது).

ஓவன் இல்லை. பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா சொன்ன முறை: குக்கருக்குள் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் கேக் டின்.

முக்கால் மணி நேரம். வீடெல்லாம் ரப்பர் நாற்றம். மூடியின் கேஸ்கட்டைக் கழற்ற மறந்திருக்கிறேன்.

நூ. அக்கா, மதிலுக்கு மேலிருந்து: "விசில் வரும்னு உக்காந்திருந்தீங்களா தம்பி?"

அம்மா, கட்டிலிலிருந்து: "தொப்பூர் எறக்கத்துல பிரேக் புடிச்ச லாரியாட்டம் நாறுதுடா." சிரித்தாள். பிறகு இருமல், வெகுநேரம்.

அவளுக்கு மூக்கு வேலை செய்கிறது. குறித்து வைக்கிறேன்.

மார்ச் 14, சனி

எதுவும் செய்யவில்லை. அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. பாதியில் நிற்கும் என் ஆய்வேட்டைத் திறந்தேன். யாரோ எழுதிய வாக்கியங்கள். மூடினேன்.

பிழைப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை இங்கே மட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடி. கேஸ்கட்டை முதலிலேயே கழற்றி ஆணியில் மாட்டினேன். சர்க்கரை பொடித்தாயிற்று, அளந்தாயிற்று. டிகாஷன் கெட்டி. பாதி கலக்கும்போது அம்மா ஓங்கரிக்கும் சத்தம். ஓடினேன். வாளி, வெந்நீர், வேறு புடவை. திரும்பி வந்து மீதியைக் கொட்டிக் கலந்தேன்.

கேக் சற்று இறுக்கம். நிறம் சரி, வாசம் சரி. முதல் துண்டு அவளுக்கு.

கண்ணை மூடி மென்றாள். "நாக்கு வந்துருச்சுடா."

"நெசமாவா?"

"சக்கரதான் ஒரு கை தூக்கல்."

துண்டு முழுவதையும் தின்றாள். நான் வாசலில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டு.

மேடையைத் துடைக்கும்போது, மிக்ஸிக்குப் பின்னால், தட்டு மூடிய கிண்ணம். பொடித்த சர்க்கரை. அளந்தது அப்படியே.

கேக்கில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டேன். வெறும் கசப்பு.

உள்ளேயிருந்து: "நாளைக்கு டாக்டருக்கும் ஒரு துண்டு கட்டி வெய்யிடா. நாக்கு வந்துருச்சுன்னு சும்மா சொன்னா நம்ப மாட்டாரு."