இரண்டு தட்டு, ஒரு பதில்

என் அன்பான அபாங் நடராஜாவுக்கு,

உனக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசினாலும் பாதி மலாய்தான்; உன்னை அண்ணன் என்று கூப்பிடுவதுகூட மலாயில், அபாங் என்றுதான். ஆனால் மனசில் கிடப்பது எனக்குத் தமிழில்தான் வரும். நீ இருக்கிற இடத்தில் மொழிப் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன். இருக்கிறதா?

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. நீ மாக் என்று கூப்பிடும் உன் அம்மாவிடம் சொன்னது பொய். நீ அந்தப் பழைய ஈயச் சுரங்கத்துக்குள் தனியாகப் போய்த் திரும்பி வராமல் போனாயே, அப்போது நான் கடைத்தெருவில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன்.

சுரங்கத்துக்குள் ஒருவன் போனால் வாசலில் ஒருவன் நிற்க வேண்டும். வாசலில் நிற்பவன் பாறையில் இரண்டு தட்டு தட்டினால், "இருக்கிறாயா?" என்று அர்த்தம். உள்ளே இருப்பவன் ஒரு தட்டு தட்டினால், "இருக்கிறேன்." நீதான் சொல்லிக் கொடுத்தாய். சர்வே ஆபீசில் உனக்குத் துணைக்கு ஆள் இல்லை. இந்த ஊரில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்தவன் நீ ஒருத்தன்தான். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாய். வருகிறேன் என்று சொன்னவன் நான்.

இந்தப் படிப்புக்கு ஆள் சேர்க்க நீ படாத பாடு பட்டாய். வகை வகையான கற்கள் வைத்த உன் கல் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நம் காஜா பேராங்கில் வீடு வீடாகப் போனாய். என் அப்பா உன்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கத்தியது ஞாபகம் இருக்கிறதா?

"நாங்க ரோட்டுக்குக் கல்லு உடைச்சது பத்தாதா? எம்மவனும் உடைக்கணுமா? அதுக்கு ஒரு டிகிரி வேறயா?"

"உடைக்கிறது இல்லே, அங்கிள். எங்க உடைக்கணும்னு சொல்றது."

"அதச் சொல்ற நாற்காலியில வெள்ளைக்காரன்ல உக்காந்திருக்கான்?"

"அவன் கப்பல் ஏறப் போறான், அங்கிள். நாற்காலி காலி. உக்காரத்தான் ஆள் இல்லே."

அப்பா கதவைச் சாத்திவிட்டார்.

இந்தப் போகிக்கு உன் வீட்டில் உனக்கு முதல் பார்ச்சு. செத்தவர்களுக்கு இலை போட்டு, விளக்கு ஏற்றி, அறையைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்திருப்பீர்களே, அதுதான். உனக்குப் பிடித்த கோழிக்கறி, டோடோல் இனிப்பு, எல்லாம் இருந்தது. இலையின் ஓரத்தில் மாக் உன் சுத்தியலையும் வைத்திருந்தார். மத்தியான வெயில், தெருவில் ஐஸ்காரன் மணி. அறைக்குள் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

கதவைத் திறக்கும் முன்னால் தட்ட வேண்டும் அல்லவா? மாக் என்னைக் கூப்பிட்டு மலாயில் சொன்னார்: "அன்னைக்கு நீ தட்டலே. இன்னைக்கு நீதான் தட்டணும்."

அப்போதே தெரிந்துவிட்டது, காய்ச்சல் கதையை அவர் ஒரு நாளும் நம்பவில்லை என்று.

தட்டினேன். கை பழக்கத்தில் இரண்டு தட்டு.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

பல்லி என்று சொல்லிக்கொள்ளலாம். ஓடு வெயிலில் வெடித்தது என்றும் சொல்லலாம். இரும்பு கல்லில் படும் சத்தம் எனக்குத் தெரியாதா, அபாங்? நான் பின்னால் நகர்ந்தேன். மாக் நகரவில்லை.

"பொறு. அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கலே."

காத்திருந்தோம். பிறகு அவரே திறந்தார். சோறு, கறி, எல்லாம் வைத்தபடியே இருந்தது. சுத்தியல் மட்டும் நனைந்திருந்தது. முனையில் சிவப்பு மண். மாக் அதைத் தன் சேலையில் துடைத்து என் கையில் கொடுத்தார். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. அது நீதானா? கோபமா, இல்லை வேறு ஏதாவதா?

இன்னொரு செய்தி. நீ ஆபீசுக்கு எழுதி எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. மாக்குக்கு நான்தான் படித்துக் காட்டினேன். இனி நம் நாட்டுப் பையன்கள் டிகிரி முடித்தால் நேராக ஆபீசர் வேலை. வெளி வேலைக்கு யாரையும் தனியாக அனுப்ப மாட்டார்கள். கடிதம் உன் பெயருக்குத்தான் வந்திருந்தது. மாக் அதை மடித்து விளக்குக்குக் கீழே வைத்தார்.

நான் கல் பெட்டியை எடுத்துக்கொண்டு என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் கேட்டான்: "அண்ணே, கல்லு படிச்சா பொண்ணு குடுப்பாங்களா?"

"உன் மூஞ்சிக்குக் கல்லு படிச்சாத்தான்டா குடுப்பாங்க."

பிறகு அந்தக் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். இரண்டு தட்டைச் சொன்னேன். வாசலில் நிற்காமல் போனவனைப் பற்றியும் சொன்னேன். அது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் பெயர் கொடுத்தார்கள். ஐந்தாவது பெயர் என்னுடையது. பரீட்சை எழுத வேண்டுமானால் சின்னப் பையன்களோடு கடைசி பெஞ்சில் உட்காரத்தான் வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். உட்கார்ந்துவிட்டேன், முழங்கால் இடிக்கிறது. மறுநாள் காலையில் அப்பாவே பெட்டியை என் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று கணக்குப் பாடம். கரும்பலகைச் சுவருக்குள்ளிருந்து இரண்டு தட்டு. ஒருவரும் தலை நிமிரவில்லை. வாத்தியாரின் சாக்குக்கட்டி கூட நிற்கவில்லை.

எனக்கு மட்டும்தான் கேட்டது. இரண்டு தட்டு வாசலில் நிற்பவன் தட்டுவதல்லவா? அப்படியானால் இப்போது வாசலில் நிற்பது நீ. உள்ளே இருப்பது நான்.

பெஞ்சின் அடியில் விரல் முட்டியால் ஒன்று தட்டினேன்.

கேட்டதா, அபாங்? பரீட்சை, டிகிரி, சுரங்கம், எங்கே போனாலும் நீ இரண்டு தட்டு. நான் ஒன்று தட்டுவேன். இந்தத் தடவை ஓடிப்போக மாட்டேன்.

உள்ளே இருக்கிற உன் தம்பி,
ஆறுமுகம்
காஜா பேராங், மலாக்கா