இரண்டாம் பாதி மட்டும் பார்த்த அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன சனிக்கிழமை, மத்தியானக் காட்சியில். உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எழும்பிவிட்டேன். யாரிடம் சொல்வது என்பது பிறகுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

எண்பதுகளில் நீங்கள் ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, நூரன்பேர்க் நகரத்துக்கு வெளியே ஒரு முகாமில் நான்கு வருடம் காத்திருந்தீர்கள். அங்கிருந்து பிறகு உங்களைப்போலச் சிட்னிக்கு வந்த மற்ற அங்கிள்மார் குளிரைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும்தான் கதைப்பார்கள். நீங்கள் கோட்டை மதிலைச் சொன்னீர்கள். சந்தைச் சதுக்கத்துத் தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடித்ததும் மணிக்கூட்டுக்குள்ளிருந்து வந்து அரசரைச் சுற்றுகிற சின்னப் பொம்மை மனிதர்களைச் சொன்னீர்கள். அருங்காட்சியகத்தில் இருந்த ஐந்நூறு வருடப் பழைய உலக உருண்டையைச் சொன்னீர்கள். அதில் அமெரிக்கா இல்லை, அவுஸ்திரேலியா இல்லை.

"இலங்கை இருக்குது பிள்ளை. ஆனா இருக்க வேண்டிய இடத்தில இல்லை."

குண்டு போட்டுத் தரைமட்டமாகிய நகரம் அது என்றும், மிஞ்சின கல்லையும் புதுக்கல்லையும் சேர்த்துத் திரும்பக் கட்டினார்கள் என்றும் சொல்வீர்கள். எது பழைய கல் என்று சுவரைத் தடவிக்கொண்டே நடப்பீர்களாம். கண்டுபிடித்தீர்களா என்று நான் கேட்டதேயில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒபரா அரங்கு, பாட்டாலேயே நாடகம் நடக்கும் இடம். மதிலுக்கு வெளியே, ரயில் நிலையத்துக்குக் கிட்ட, பெரிய கல் மாளிகை. உங்களிடம் நுழைவுச்சீட்டு இல்லை. ஆனால் இடைவேளையில் சனம் சிகரெட் பிடிக்க வெளியே வருவதையும், மணி அடித்ததும் ஒருவரும் சீட்டைக் கேட்காமலே திரும்ப உள்ளே போவதையும் பார்த்துவிட்டீர்கள். ஒரேயொரு சிக்கல். வெளியே வருகிறவர்களின் கோட்டெல்லாம் உள்ளே கொளுவியிருக்கும். கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவன்தான் பிடிபடுவான். எனவே நீங்கள் உறைபனியில் வெள்ளைச் சேட்டோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, சங்கீதம் தெரிந்தவர்போல அவர்களுக்கு நடுவில் நிற்பீர்கள். உங்கள் ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு தெருவோரத்தில் நிற்பது முகாமில் உங்களோடு ஒரே அறையில் இருந்த சிவம் அங்கிள்.

சிட்னியில் எங்கள் கிரவீன் வீட்டுக்கு அவர் வரும்போதெல்லாம் இந்தச் சண்டை நடக்கும்.

"கொப்பர் பாதிச் சங்கீத வித்துவான் பிள்ளை. ஒரு கதைக்கும் தொடக்கம் தெரியாது. எல்லாத்திலயும் ஆரோ சாகிறதுதான் தெரியும்."

"டேய், நீ வெளியில நிண்டு சொசேஜ் திண்டனீ. நான் உள்ளுக்குப் போனனான்."

"உன்ர ஜாக்கெட்டைப் பிடிச்சு என்ர கை விறைச்சதுக்குச் சூடா ஏதும் திண்ணாம என்ன செய்யிறது?"

அப்படிப் பார்த்த பாதிகளில் ஒன்று உங்களை விடவேயில்லை. திரை விலகுகிறது. நீளமான மேசை, ஒரு விளக்கு, தனியாக ஒரு பெண். வேலைக்காரி தட்டில் ஒரு கடிதம் கொண்டுவருகிறாள். அந்தப் பெண் உறையை மட்டும் பார்க்கிறாள். பிரிக்காமலே விளக்கில் பிடித்து எரித்துவிடுகிறாள். கடைசியில் ஒரு பெட்டியோடு கப்பலேறிப் போகிறாள். ஏன் பிரிக்கவில்லை? யார் எழுதியது? முதல் பாதி பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது.

இது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் திடீரென்று கேட்பீர்கள்: "அதுக்குள்ள என்னவா இருந்திருக்கும்?" விசா மறுப்பு என்பார் சிவம் அங்கிள். காதல் கடிதம் என்பேன் நான். அம்மா குசினியிலிருந்தே கத்துவா: "அவளுக்கு வாசிக்கத் தெரியாதாக்கும், விடுங்கோ." அதற்கு அதிகம் சிரித்தது நீங்கள்தான்.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, "இரண்டு நிமிசத்தில இன்ரநெற்றில பாத்துச் சொல்லட்டே?" என்று கேட்டேன்.

"வேண்டாம். பாக்கிறதெண்டா முன் வாசலால போய், தொடக்கத்தில இருந்து பாப்பம்."

நான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னேன். ஊரில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு நீங்கள் கதை சொல்வதையே விட்டுவிட்டீர்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அதற்கு முன்னாலேயே இருப்பீர்கள். அடுத்த வருடம் அதே ஒபரா சிட்னிக்கு வந்தது. எனக்குப் புது வேலை, சனிக்கிழமைகளிலும் வரச்சொன்னார்கள். திரும்ப வரும்தானே என்றேன். நீங்களும் "ஓம், வரும்தானே" என்றீர்கள்.

இந்த வருடம் வந்தது. ஜனவரியில் இரண்டு சீட்டு எடுத்தேன். மார்ச்சில், வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் அப்படியே சரிந்துவிட்டீர்கள்.

சனிக்கிழமை ரயிலேறி, துறைமுகத்தில் இறங்கி, முன் வாசலால்தான் போனேன். உங்கள் கதிரை காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்மணி தன் பையை அதில் வைக்கட்டுமா என்று கேட்டா. இல்லை, ஆள் வரும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

சரி, தொடக்கத்தைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி. துறைமுக ஊர் ஒன்றில் இருவரும் வளர்கிறார்கள். அவன் போருக்குப் போய்விடுகிறான். ஒரு செய்தியும் இல்லை. முதல் பாதியின் முடிவில் அவள் அந்த நீள மேசையில் இருந்து அவனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். ஒவ்வொரு வரியையும் பாடிப்பாடி எழுதுகிறாள். பன்னிரண்டு வயதில் பொய் சொல்லி அவனுக்கு அடி வாங்கிக் கொடுத்ததற்கு மன்னிப்பு, அவனுடைய நாய் குட்டி போட்ட கதை, உடனே வீட்டுக்கு வா என்கிற கெஞ்சல். உறையை ஒட்டுகிறாள். திரை விழுகிறது.

நீங்கள் பார்த்த கடிதம் அதுதான் அப்பா. அவள் எழுதியது. பெறுவதற்கு ஆளில்லாமல் திரும்பி வந்தது. உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். தெரியாதது தம்பிக்கு என்ன ஆனது என்பதுதான்; அதற்கு உறையே பதில்.

இடைவேளையில் தண்ணீர் பக்கம் நின்றேன். வெயில். நல்ல சிரிப்பும் பேச்சுமாகச் சனம். மணி அடித்தது. நான் உள்ளே போகவில்லை. மிச்சத்தை நீங்கள் சொல்லி நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ கோப்பை கழுவிக்கொண்டிருந்தா. குழாயை மூடினா.

"அவருக்குத் தெரியும்," என்றா.

"என்ன தெரியும்?"

"அவருக்கும் ஒண்டு வந்தது. முகாமில இருக்கேக்க. சித்தப்பாவுக்கு எழுதினது திரும்பி வந்தது."

சித்தப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் ஒரே தம்பி, ஊரில் காணாமல் போனவர், நீங்கள் கதைக்க விரும்பாத பெயர் என்பதுதான். அம்மா உங்கள் கடவுச்சீட்டுகள் இருக்கும் உறைக்குள்ளிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தா. மெல்லிய நீல உறை. ஜேர்மன் முத்திரை. மேலே குறுக்காக ஒரு சிவப்புக் குத்து, திருப்பி அனுப்பியதாக. உங்கள் கையெழுத்து என்னுடையதைவிட இளமையாக இருந்தது. ஒட்டினது ஒட்டினபடி.

"கலியாணம் கட்டின புதிசில கேட்டனான், உள்ளுக்கு என்ன எண்டு. எழுதினவன் நான்தானே, எனக்குத் தெரியாதா எண்டார். பிறகு நான் கேக்கேல்லை."

"பிறகேன் அம்மா நீங்களும் எங்களோடை சேர்ந்து பகிடி விட்டனீங்கள்?"

"அவர் சிரிச்சவரெல்லே," என்றா.

அப்பா, எங்களை ஏன் ஊகிக்கவிட்டீர்கள்? உங்களுக்குப் பதில் தேவைப்படவில்லை. இருபது வருடமாக அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? ஒருவராவது "உங்களுக்கும் அப்படி ஒண்டு வந்ததோ?" என்று கேட்பார் என்று காத்திருந்தீர்களா? நான் எத்தனையோ புத்தகம் வாசித்தவள். கேட்கத் தெரியவில்லை. உங்களை அந்த அரங்குக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லையே என்றுதான் இந்த ஆறு மாதமும் அழுதேன். அதைவிடப் பெரிய தவறு இது என்று இப்போது தெரிகிறது.

அவள் எரித்தாள். நீங்கள் எரிக்கவில்லை. முகாமிலிருந்து கிரவீன் வரைக்கும் கொண்டுவந்தீர்கள்.

நேற்று அம்மா கேட்டா: "வாற மார்ச் உங்கட அப்பாவின்ர திவசத்தோட சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரு படையல் வைப்பமே? எவ்வளவு காலமாச்சு." ஐயரிடமும் கதைத்துவிட்டாவாம். அவவுக்கும் களைத்துவிட்டது, அப்பா. நான் இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் வேண்டாம் என்றேன். அவ கோபிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அரிசி களையப் போனா.

அதனால் இதைச் சொல்லிவைக்கிறேன். உங்கள் திவசத்தில் உங்கள் பெயரை மட்டும் சொல்வோம். நீங்கள் ஒருநாளும் இறந்தவர் என்று சொல்லாத ஒருவரை நான் அந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். உறையைப் பிரிக்கவும் மாட்டேன். அது எனக்கு எழுதியதல்ல. அதற்குரிய ஆள் வந்து கேட்கும்வரை அது என்னிடம் இருக்கும்.

கேட்கத் தவறிய,
உங்கள் மூத்த பிள்ளை